'மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ்'னு எழுதுறீங்க சரி, எதை மேனேஜ் பண்றீங்க?

வாசகர் கடிதம்: "வேர்ஹவுஸ்களை எடுத்து நடத்திக் கொடுக்குற ஒரு கம்பெனில ப்ரொபோசல் எழுதுற வேலை பாக்குறேன். போன வாரம் ஒரு கிளையன்ட்டுக்கு 'வி ஆர் ஹேவிங் ரிச் எக்ஸ்பர்டீஸஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்'னு எழுதியிருந்தேன். மேனேஜர் அதை சிவப்புல சுழிச்சுட்டு பக்கத்துல 'மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ்'னு மட்டும் எழுதி திருப்பி அனுப்பிட்டார், என்ன தப்புன்னு சொல்லல. இன்னொரு சீனியர் 'மேனேஜீரியல் எக்ஸ்பர்டீஸ்'தான் கரெக்ட்டுங்கறாங்க. எது சரி? முன்னாடி 'அன்' போடணுமா? என் சிவிலயும் லிங்க்ட்இன்லயும் இதையே போட்டுக்கலாமா?"

பதில்:

உங்க மேனேஜர் எழுதினதும் சரி, சீனியர் சொன்னதும் சரி, ரெண்டுமே நல்ல இங்கிலீஷ்தான். ஆனா ரெண்டுல எதைப் போட்டாலும் உங்க வாக்கியம் அந்த கிளையன்ட்கிட்ட வேலை செய்யாது, அது ஏன்னு கொஞ்சம் கீழ வர்றேன். பிசினஸ் இங்கிலீஷ் எடிட் பண்றதுதான் எனக்குத் தொழில், ப்ரொபோசல், கம்பெனி ப்ரொஃபைல், சிவின்னு எது கைக்கு வந்தாலும் இந்த வார்த்தை எங்கயாவது ஒரு ஓரத்துல உக்காந்திருக்கும், அதனால உங்களை மாதிரி ஒருத்தர் நிறுத்தி 'எது சரி'ன்னு கேக்குறது எனக்கு உண்மையிலயே சந்தோஷமா இருக்கு.

முதல்ல இலக்கணத்தை முடிச்சுடலாம். 'எக்ஸ்பர்டீஸ்' எண்ண முடியாத பெயர்ச்சொல். 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'எக்விப்மென்ட்' இருக்கே, அதே கூட்டம். அதனால கடைசில 'எஸ்' சேர்த்து பன்மை ஆக்க முடியாது, முன்னாடி 'அன்' போடவும் கூடாது. ஒண்ணுக்கு மேல சொல்லியே ஆகணும்னா 'ஏரியாஸ் ஆஃப் எக்ஸ்பர்டீஸ்'னு எழுதுங்க, பன்மை அந்த 'ஏரியாஸ்'க்குப் போயிடும், 'எக்ஸ்பர்டீஸ்' அப்படியே இருக்கும். வினைச்சொல்லும் ஒருமைதான், 'தி எக்ஸ்பர்டீஸ் இஸ்'தானே தவிர 'ஆர்' இல்ல. 'மெனி', 'ஃபியூ' ரெண்டும் வரவே வராது. 'மச்' வரலாம், ஆனா 'ஷி ஹாஸ் மச் எக்ஸ்பர்டீஸ்'னு நேரா எழுதினா விறைப்பா இருக்கும், 'கன்சிடரபிள் எக்ஸ்பர்டீஸ்', இல்லன்னா 'எ லாட் ஆஃப் எக்ஸ்பர்டீஸ்'னா இயல்பா இருக்கும்.

நல்ல பத்திரிகைலயே 'எ மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ் தட் ஃபியூ ரைவல்ஸ் கேன் மேட்ச்'ங்கற மாதிரி எப்பவாவது கண்ணுல படும், அதைப் பாத்துட்டு நான் சொன்னது பொய்யான்னு குழம்பிடாதீங்க. பின்னாடி ஒரு விளக்கம் வந்து 'இப்படிப்பட்ட ஒரு வகைத் திறமை'ன்னு குறிப்பா சொல்றப்போ எழுத்தாளருங்க அந்த 'எ'வை சேர்த்துக்குவாங்க. நீங்க அதைத் தேடிப் போக வேண்டாம், இல்லாம எழுதினா எப்பவுமே தப்பாகாது. அதே மாதிரி ஐரோப்பால இருந்து வர்ற மெயில்ல 'அன் எக்ஸ்பர்டீஸ்', 'எக்ஸ்பர்டீஸஸ்'னெல்லாம் பாப்பீங்க. அதுக்குக் காரணம் இருக்கு, இந்த வார்த்தை 19ஆம் நூற்றாண்டுல பிரெஞ்சுல இருந்து இங்கிலீஷுக்கு வந்தது, பிரெஞ்சுல அதுக்கு நிபுணர் ஒருத்தர் ஆராய்ஞ்சு கொடுக்குற மதிப்பீடு, ரிப்போர்ட்டுங்கற அர்த்தமும் உண்டு, ரிப்போர்ட்டை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணலாம் இல்லையா, அதனால அங்க பன்மை சரி. இங்கிலீஷ்ல நாம எழுதுறது திறமையைப் பத்தி, அது எண்ணிக்கைக்கு வராது. கடைசிப் பகுதியை 'டீஸ்'னு நீட்டி அழுத்திச் சொல்றதும் பிரெஞ்சுல இருந்து வந்த பழக்கம்தான், 'டைஸ்'னு சொல்லாதீங்க. ஸ்பெல்லிங்ல பிரிட்டிஷ், அமெரிக்கன் ரெண்டுலயும் 'எஸ்'தான், 'ஆர்கனைஸ்'ல அமெரிக்கால 'இசட்' வருதேன்னு இதுலயும் 'இசட்' போட்டுடாதீங்க, அது வேற ஒரு அபூர்வமான வினைச்சொல்.

அடுத்து 'வி ஆர் ஹேவிங்'. நம்மாளுங்க நிறைய பேர்கிட்ட இருந்து வர்ற தப்பு இது. நம்ம பேச்சுல 'வெச்சிருக்கோம்', 'இருக்கு'ன்னு சொல்ற ஓட்டத்துலயே 'ஹேவிங்' வந்து விழுந்துடுது. ஒரு பொருளோ திறமையோ உங்ககிட்ட இருக்குன்னா 'வி ஹேவ்', அவ்வளவுதான். 'வி ஆர் ஹேவிங் எ மீட்டிங்' சரி, ஏன்னா அது இப்ப நடந்துட்டிருக்குற ஒரு செயல். 'வி ஆர் ஹேவிங் எக்ஸ்பர்டீஸ்'னா இப்போதைக்கு மட்டும் இருக்கு, கொஞ்ச நேரம் கழிச்சு இருக்காதுங்கற மாதிரி படிக்கிறவங்களுக்கு இடறும். 'வி பொசஸ்'னு மாத்துறவங்களும் இருக்காங்க, தப்பில்ல, ஆனா 'ஹேவ்' இருக்குறப்போ எதுக்கு அது. இன்னொண்ணு, 'ஐ ஆம் எக்ஸ்பர்டைஸ்ட் இன்'னு சிவிகள்ல அடிக்கடி பாக்குறேன், அப்படி ஒரு வழக்கே கிடையாது, 'ஐ ஸ்பெஷலைஸ் இன்'னோ 'ஐ ஹேவ் எக்ஸ்பர்டீஸ் இன்'னோ எழுதணும்.

'ரிச் எக்ஸ்பர்டீஸ்' இலக்கணப்படி தப்பு இல்ல, ஆனா கூட சேர்ற சொல்லு அது இல்ல. 'எக்ஸ்டென்சிவ்', 'டீப்', 'கன்சிடரபிள்', 'டெக்னிகல்', 'ஸ்பெஷலிஸ்ட்' இதெல்லாம் இதோட ஒட்டும். 'ப்ரூவன்' பத்தி தனியா சொல்லணும், 'ப்ரூவன் மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ்'னு போட்டா அடுத்த வரிலயே ஆதாரம் வரணும், வரலைன்னா அந்த வார்த்தையை எடுத்துடுங்க. நிரூபிச்சாச்சுன்னு சொல்லிட்டு நிரூபணத்தையே காட்டாம விட்டா, படிக்கிறவங்க மத்த வரிகளையும் சந்தேகமா பாக்க ஆரம்பிச்சிடுவாங்க.

இப்ப 'ஆஃப் மேனேஜ்மென்ட்'. எதுல திறமைங்கறதை சொல்ல 'எக்ஸ்பர்டீஸ் இன்'தான் வழக்கம். 'ஆஃப்' போட்டா யாரோட திறமைங்கற அர்த்தம் வந்துடும், 'தி எக்ஸ்பர்டீஸ் ஆஃப் அவர் இன்ஜினியர்ஸ்'னா எங்க இன்ஜினியர்களோட திறமை, அது சரியான பிரயோகம். ஆனா 'எக்ஸ்பர்டீஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்'னா மேனேஜ் பண்றதுல இருக்குற திறமையா, மேனேஜ்மென்ட்ல உக்காந்திருக்குற ஆளுங்களோட திறமையான்னு தெரியாது. 'மேனேஜ்மென்ட்'ங்கற சொல்லுக்கே ரெண்டு முகம் இருக்கே, நிர்வாகம் பண்ற வேலையும் அதுதான், நிர்வாகத்துல இருக்குற மேலிடமும் அதுதான். உங்க மேனேஜர் 'ஆஃப்'ஐ தூக்கிட்டு ரெண்டு சொல்லையும் பக்கத்துல பக்கத்துல வெச்சதுக்கு இதுதான் காரணமா இருக்கணும்.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா அதே ரெண்டு சொல்லு, ஒரு சின்ன மாத்தம் போதும், அர்த்தம் வேற எங்கயோ போயிடும். 'மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ்'னா நிர்வாகம் பண்றதுல தேர்ச்சி. 'மேனேஜ்மென்ட்ஸ் எக்ஸ்பர்டீஸ்'னு நடுவுல அப்பாஸ்ட்ரஃபி போட்டு எழுதினா மேலிடத்துல இருக்குறவங்களோட தேர்ச்சி, அது டாக்ஸ்லயும் இருக்கலாம், கெமிஸ்ட்ரிலயும் இருக்கலாம். முன்ன பின்ன மாத்தி 'எக்ஸ்பர்டீஸ் மேனேஜ்மென்ட்'னு எழுதினா கம்பெனிக்குள்ள யாருக்கு என்ன தெரியும்னு கணக்கு வெச்சு அந்த அறிவை நிர்வகிக்கிறது, அது தனி சப்ஜெக்ட். 'மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்ட்'னா நிர்வாகவியல் தெரிஞ்ச ஆள், பேராசிரியரோ கன்சல்டன்ட்டோ, அவர் ஒரு டீமைக் கூட நடத்தியிருக்கணும்னு கட்டாயம் இல்ல. 'எக்ஸ்பர்ட் மேனேஜ்மென்ட்'ல 'எக்ஸ்பர்ட்' அடைமொழியா மாறிடுது, கைதேர்ந்த நிர்வாகம்னு அர்த்தம். இங்கிலீஷ்ல ரெண்டு பெயர்ச்சொல் அடுத்தடுத்து வந்தா பின்னாடி இருக்குறதுதான் முக்கியமான பொருள், முன்னாடி இருக்குறது அது எந்த வகைன்னு சொல்லும், இதை மனசுல வெச்சுக்கிட்டா இந்தக் குழப்பம் எதுவும் வராது.

சீனியர் சொன்ன 'மேனேஜீரியல் எக்ஸ்பர்டீஸ்' கொஞ்சம் ஃபார்மலா ஒலிக்கும், அறிக்கைகள்லயும் ஆய்வுக் கட்டுரைகள்லயும் நல்லா பொருந்தும், 'டெக்னிகல் அண்ட் மேனேஜீரியல் எக்ஸ்பர்டீஸ்'னு ரெண்டையும் ஜோடியா சொல்றப்போ இன்னும் நல்லா இருக்கும். ப்ரொபோசலுக்கு நான் 'மேனேஜ்மென்ட்'ஐயே எடுப்பேன், அது என் விருப்பம், சட்டம் இல்ல. ஆனா 'மேனேஜிங் எக்ஸ்பர்டீஸ்' மட்டும் வேண்டாம், அதைப் படிக்கிறவங்க 'எக்ஸ்பர்டீஸை மேனேஜ் பண்றதா'ன்னு ஒரு செகண்ட் திணறுவாங்க.

சரி, இப்ப முக்கியமான விஷயம். இலக்கணம் எல்லாத்தையும் சரி பண்ணிட்டோம்னு வைங்க, உங்க வாக்கியம் இப்ப இப்படி நிக்குது: 'வி ஹேவ் எக்ஸ்டென்சிவ் மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ்.' ஒரு பிழை இல்ல. ஆனா இதே வரியை உங்களோட போட்டி போடுற கம்பெனியும் எழுதும், ஆஸ்பத்திரி நடத்துறவங்களும் எழுதலாம், ஹோட்டல் நடத்துறவங்களும் எழுதலாம், ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்ல. அந்த ப்ரொபோசலை வாங்கிப் படிக்கிறவர் தன் சரக்கை உங்க கைல ஒப்படைக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறார், அவருக்கு இந்த வரில இருந்து ஒண்ணுமே கிடைக்கல. எதை மேனேஜ் பண்றீங்கங்கறது அந்த வாக்கியத்துலயே இல்லையே, அதுதான் குறை.

அதனால முதல் வேலையா செய்யப்படுபொருளைக் கொண்டு வாங்க. 'வேர்ஹவுஸ் மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ்'னு முன்னாடி ஒரு சொல் சேர்த்தாலே பாதி தெளிவாயிடும். ஆனா ஆசைப்பட்டு அங்கயே எல்லாத்தையும் அடுக்கிடாதீங்க, 'மல்டி கிளையன்ட் வேர்ஹவுஸ் இன்வென்டரி மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ்'னு அஞ்சாறு சொல் வரிசையா வந்தா எது எதோட சேருதுன்னு படிக்கிறவர் கடைசி வரைக்கும் போயிட்டு திரும்பி வரணும். மூணு பெயர்ச்சொல் வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல போனா உடைச்சுடுங்க, உடைக்கிற வழி 'எக்ஸ்பர்டீஸ் இன் மேனேஜிங்'. 'வி ஹேவ் எக்ஸ்டென்சிவ் எக்ஸ்பர்டீஸ் இன் மேனேஜிங் இன்வென்டரி ஃபார் செவரல் கிளையன்ட்ஸ் அண்டர் ஒன் ரூஃப்.' இங்க 'மேனேஜிங்' வினை மாதிரி வேலை செய்யுது, அதனால பொருளை நேரா பின்னாடி வெச்சுடலாம். 'மேனேஜ்மென்ட்'டையே வெச்சு எழுதணும்னா நடுவுல 'தி' வேணும், 'எக்ஸ்பர்டீஸ் இன் தி மேனேஜ்மென்ட் ஆஃப் இன்வென்டரி', அந்த 'தி'யை விடுறதும் நான் அடிக்கடி திருத்துற ஒண்ணு.

ரெண்டாவது வேலை, அடுத்த வரில செஞ்சதைச் சொல்றது. எத்தனை வேர்ஹவுஸ் நடத்துறீங்க, எத்தனை கிளையன்ட், பிக்கிங் அக்யூரசி, அதாவது ஆர்டருக்குத் தப்பில்லாம சரக்கு எடுக்குறது எவ்வளவு, வண்டி வந்து நின்னதுல இருந்து சரக்கு ரேக்குல ஏறி சிஸ்டத்துல பதிவாகுற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகுது, சைக்கிள் கவுண்ட்ல, அதாவது ஸ்டாக்கை அப்பப்ப பகுதி பகுதியா எண்ணிப் பாக்குறப்போ, வித்தியாசம் எவ்வளவு வருது. இந்த நம்பரெல்லாம் உங்க ஆபரேஷன்ஸ் டீம்கிட்ட கண்டிப்பா இருக்கும், ஏன்னா இருக்குற கிளையன்ட்டுகளுக்கு அவங்க மாசா மாசம் ரிப்போர்ட் அனுப்புறவங்க. அவங்ககிட்ட போய் கேட்டு வாங்குங்க, வாங்கினதை 'வி ரன்', 'வி ஹேண்டில்', 'வி கட்'னு வினைச்சொல்லோட எழுதுங்க. இப்படி ரெண்டு வரி வந்துடுச்சுன்னா 'எக்ஸ்டென்சிவ்' தேவையான்னு ஒரு தடவை பாருங்க, பெரும்பாலும் தேவைப்படாது, சில சமயம் 'எக்ஸ்பர்டீஸ்'ங்கற வரியே தேவைப்படாது. நான் எடிட் பண்றப்போ அந்த வரியை எடுத்துட்டு நம்பர் வரியை மேல கொண்டு வந்து வெச்சுடுவேன்.

எப்ப இந்தச் சொல் நிஜமாவே உதவும்னா, அந்தத் திறமையை வெச்சு கிளையன்ட்டுக்கு என்ன செய்யப் போறீங்கன்னு சொல்றப்போ. 'வி வில் ட்ரா ஆன் அவர் வேர்ஹவுஸ் மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ் டு கட் யுவர் டிஸ்பாட்ச் டைம்.' இந்த 'ட்ரா ஆன்' அருமையான வினைச்சொல், கைவசம் இருக்குறதுல இருந்து எடுத்துப் பயன்படுத்துறோம்னு அர்த்தம், எல்லாரும் எழுதுற 'லெவரேஜ்'ஐ விட இது நூறு மடங்கு மேல். 'பிரிங்', 'அப்ளை', 'ஷேர்', 'ஆஃபர்', 'பில்ட்', 'லாக்' (இல்லாம இருக்குறதுங்கற வினை, பூட்டு இல்ல) இதெல்லாமும் 'எக்ஸ்பர்டீஸ்'ஓட இயல்பா சேரும். 'டூ' (செய்றது), 'நோ' (தெரிஞ்சிருக்குறது) ரெண்டும் சேராது.

இன்னொரு குழப்பமும் உங்க வேலைல வரும், இப்பவே சொல்லிடுறேன். 'எக்ஸ்பர்டீஸ்'ஐயும் 'எக்ஸ்பீரியன்ஸ்'ஐயும் மாத்தி மாத்திப் போடுறது. ரெண்டும் ஒரே லத்தீன் வேர்ல இருந்து வந்ததுதான், சோதிச்சுப் பாக்குறதுங்கற பொருள். ஆனா இன்னைக்கு வருஷக் கணக்கு சொல்றது 'எக்ஸ்பீரியன்ஸ்'க்குதான் பொருந்தும். '10 இயர்ஸ் எக்ஸ்பர்டீஸ்'னு எழுதாதீங்க, 10 வருஷம் ஒரு வேலைல இருந்தாங்கங்கறது அனுபவம், அதுல இருந்து தேர்ச்சி வந்துச்சா இல்லையாங்கறது வேற விஷயம். எழுதுற விதத்துல கூட கவனம் வேணும். '10 இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்'னா அப்பாஸ்ட்ரஃபி வேண்டாம், 'ஆஃப்' இல்லாம '10 இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்'னு எழுதினா 'இயர்ஸ்'ல கடைசி 'எஸ்'க்கு அப்புறம் அப்பாஸ்ட்ரஃபி போடணும், ஒரே வருஷம்னா 'எஸ்'க்கு முன்னாடி. 'எ 10-இயர் ட்ராக் ரெக்கார்ட்'னு எழுதுறப்போ நடுவுல ஹைஃபன் வரும், 'இயர்'ல 'எஸ்' வராது. 'எக்ஸ்பீரியன்சஸ்'னு பன்மைல போட்டா அது நடந்த சம்பவங்கள், ப்ரொபோசல்ல அதுக்கு வேலை இல்ல. டீம்ல இருக்குற எல்லாரோட வருஷத்தையும் கூட்டி '60 இயர்ஸ் ஆஃப் கம்பைன்ட் எக்ஸ்பீரியன்ஸ்'னு போடுறது எனக்குப் பிடிக்கறதில்ல, 60 பேர் ஆளுக்கு ஒரு வருஷம் இருந்தாலும் அதே கணக்குதான் வரும், படிக்கிறவங்களும் இதை யோசிப்பாங்க.

'நோ-ஹௌ', அதாவது செய்முறை அறிவுன்னு மாத்திக்கலாமான்னு அடுத்து உங்களுக்குத் தோணலாம். பேச்சு நடைல போடலாம், பெயர்ச்சொல்லா வர்றப்போ நடுவுல ஹைஃபன் கட்டாயம், 'வி நோ ஹௌ டு'ன்னு வினையா வந்தா ஹைஃபன் கிடையாது. ஆனா ஒப்பந்தத்துல போடுறதுக்கு முன்னாடி சட்ட டீமை கேட்டுக்கோங்க, அங்க அது தனி அர்த்தம் உள்ள சொல். உதாரணத்துக்கு ஐரோப்பிய யூனியன் சப்ளையர், விநியோகஸ்தர் ஒப்பந்தங்களுக்கு 2022ல கொண்டு வந்த 720ஆம் நம்பர் ரெகுலேஷன்ல, அனுபவத்துலயும் சோதனைலயும் கிடைச்ச நடைமுறைத் தகவல் தொகுப்பு, அதுவும் ரகசியமானதா, கணிசமானதா, தெளிவா அடையாளம் காட்டக்கூடியதா இருக்கணும்னு வரையறை வெச்சிருக்காங்க. உங்க ஆளுங்களோட பொதுவான திறமையை அந்தச் சொல்லுக்குள்ள அடைக்க முடியாது.

'கோர் காம்பிடன்ஸ்'ம் அப்படித்தான், அதை பிரபலமாக்கினது சி.கே. பிரகலாத், கேரி ஹாமெல் ரெண்டு பேரும் 1990ல ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூல எழுதின கட்டுரை, அவங்க பேசினது ஒரு கம்பெனி முழுசும் சேர்ந்து கத்துக்கிட்டு வளர்த்த, மத்தவங்க சுலபமா காப்பி அடிக்க முடியாத திறனைப் பத்தி. ஒரு தனி ஆள் தன்னோட மேனேஜ்மென்ட் திறமைக்கு அதைப் போட்டா பொருத்தமா இருக்காது.

உங்க சிவிக்கு வர்றேன். கம்பெனியைப் பத்தி கம்பெனி 'எக்ஸ்பர்டீஸ்'னு சொல்லிக்கறது சகஜம், ஆனா தனி ஆள் ஒருத்தர் 'ஐ ஹேவ் எக்ஸ்டென்சிவ் மேனேஜ்மென்ட் எக்ஸ்பர்டீஸ்'னு தானே சொல்லிக்கிட்டா அது கொஞ்சம் அதிகமா ஒலிக்கும், அதுவும் வேலைல சேர்ந்து சில வருஷம்தான் ஆச்சுன்னா. அங்க 'மேனேஜ்மென்ட் ஸ்கில்ஸ்'னு எழுதினா அடக்கமாவும் இருக்கும், நம்புற மாதிரியும் இருக்கும், இது எண்ணக்கூடிய சொல், 'எஸ்' தாராளமா போடலாம். அதை விட நல்லது நேரா வேலையைச் சொல்றது, 'லெட் எ டீம் ஆஃப் சிக்ஸ் ப்ரொபோசல் ரைட்டர்ஸ்'னா ஆறு பேரை வழிநடத்தினவர்னு ஒரே வரில தெரிஞ்சுடுது, எண்ணிக்கை உங்களோட உண்மையான எண்ணிக்கையா இருக்கணும், அவ்வளவுதான். இன்னும் யாரையும் மேனேஜ் பண்ணலைன்னா மேனேஜ்மென்ட்டைத் தொடவே வேண்டாம், ஒரு ப்ரொபோசலை ஆபரேஷன்ஸ், ஃபைனான்ஸ், லீகல்னு எல்லார்கிட்டயும் தகவல் வாங்கி டெட்லைனுக்குள்ள முடிக்கிறீங்களே, அதுவே எழுத வேண்டிய விஷயம், 'கோ-ஆர்டினேட்டட்'னு ஒரு வினை போதும். உங்களுக்கு ரெஃபரன்ஸ் லெட்டர் எழுதுறவங்க 'ஹெர் எக்ஸ்பர்டீஸ்', 'ஹிஸ் எக்ஸ்பர்டீஸ்'னு எழுதினா மட்டும் வேண்டாம்னு சொல்லாதீங்க, அடுத்தவங்க வாயால வர்றப்போ அந்தச் சொல்லுக்கு நல்ல எடை இருக்கு.

லிங்க்ட்இன் ஹெட்லைன்ல முழு வாக்கியம் தேவையில்ல, அதனால 'ஹேவ்', 'இன்' எல்லாம் விட்டுடலாம், ஆனா எந்தத் துறைங்கறதை மட்டும் விட்டுடாதீங்க. 'ப்ரொபோசல் ரைட்டர், வேர்ஹவுஸிங் அண்ட் லாஜிஸ்டிக்ஸ்'னு போடுங்க. ஆள் தேடுறவங்க சர்ச் பண்றது வேலைப் பேரையும் துறையையும் வெச்சுத்தான், 'எக்ஸ்பர்டீஸ்'னு அடிச்சுத் தேடுறவங்க ரொம்பக் கம்மி.